மைக்ரேன் தலைசுற்றல்: அடையாளம் காண்பதில் தொடங்கி மாத்திரையை நிறுத்துவது வரை

தலை சுற்றுகிறது என்று சொன்னால் சென்னையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மாமி பித்தம் என்பார். மருந்துக்கடைக்காரர் பிபி குறைந்திருக்கும் என்று ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். தெருமுனை கிளினிக்கில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை மாட்டிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேயில் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். தெரிகிறது என்பதாலேயே சுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்பார், நரம்பு டாக்டர் ஸ்கேன் நார்மல் என்பார். கடைசியில், "எல்லாம் டென்ஷன்தான், கொஞ்சம் ஓய்வெடுங்க."

இப்படி அலைகிறவர்களில் கணிசமான பேருக்கு இருப்பது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி நோய். தலைவலியாக வராமல் தலைசுற்றலாக வருகிற மைக்ரேன். மருத்துவர்கள் இதை வெஸ்டிபுலர் மைக்ரேன் என்கிறார்கள். 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இது வரக்கூடும் என்பது மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, டாக்டரிடம் எதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியது. மீதி, சுற்றலை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்காமல் மைக்ரேனுக்கே வைத்தியம் பார்ப்பது பற்றியது.

முதல் படி: இது 108ஐக் கூப்பிட வேண்டிய சுற்றலா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடித்துவிடுவோம். சுற்றலோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும், மூன்றாம் படியில் சொல்லப்போகும் நோட்டை எழுதிக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள்: வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது, பேச்சு குழறுவது, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிவது, தண்ணீர் விழுங்க முடியாமல் புரையேறுவது, பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது. இவை மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பக்கவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் கடந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மூளையின் பின்பகுதிப் பக்கவாதம் முதல் சில மணி நேரங்களில் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். சிடி நார்மல் என்று சொன்ன பிறகும் மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றல் வந்தால், அதை மைக்ரேன் என்று வீட்டிலேயே முடிவுகட்டவே கூடாது.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரம்தான். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன். வாழ்நாளில் காணாத கடுந்தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நினைவு தப்புவது, தலையில் அடிபட்டபின் வரும் சுற்றல் ஆகியவையும் இதே கணக்கில் வரும். புதிதாகக் கழுத்து வலியும் சுற்றலும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. சலூனில் முடிவெட்டி முடித்ததும் இலவச இணைப்பாகக் கழுத்தைச் சொடுக்கிவிடுவார்களே, அதைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பக்கவாதம் வரை போய்விடும்.

தலையே வலிக்காமல் எப்படி மைக்ரேன்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாம் தடுமாறாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது: கண், உள்காது, கால் மற்றும் கழுத்துத் தசைகள். மூன்றையும் கோத்துப் பார்த்து, உடம்பு அசைகிறதா, உலகம் அசைகிறதா என்று மூளை தீர்மானிக்கிறது. மைக்ரேன் உள்ளவர்களின் மூளை இயல்பாகவே கூர் உணர்ச்சி கொண்டது. தாக்குதலின்போது, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா ஒலிபெருக்கி மாதிரி, எல்லாச் செய்தியும் உச்ச சத்தத்தில் வந்து விழும். வெளிச்சம் குத்தும், சத்தம் அறையும், வாசனை குமட்டும். லேசாகத் தலையைத் திருப்பியது உலகமே சுழன்ற மாதிரி இருக்கும். தலைவலியைக் கடத்தும் முக்கிளை நரம்பின் பாதைகளும் சமநிலையைக் கவனிக்கும் மூளைத்தண்டு மையங்களும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதனால்தான் ஒருவருக்கு வலியாக வருவது இன்னொருவருக்குச் சுற்றலாக வருகிறது. அதே ஆளுக்கே ஒரு மாதம் அப்படியும் மறுமாதம் இப்படியும் வரும்.

காது கெட்டுப்போகவில்லை, மூளையில் கட்டி இல்லை. ரிப்போர்ட் நார்மலாக வருவது இந்த நோயில் எதிர்பார்த்ததுதான். நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி நோயே இல்லை என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய அறியாமை.

வயதிலும் ஒரு கண்ணாமூச்சி உண்டு. கல்லூரிக் காலத்தில் மாதம் இரண்டு தடவை ஒற்றைத் தலைவலி வந்து, பிறகு அது நின்றே போயிருக்கும். பதினைந்து இருபது வருடம் கழித்து, மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் சுற்றலாகத் திரும்பி வரும். அந்தப் பழைய தலைவலியை டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. சின்ன வயதில் மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி, தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏற மறுத்தது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ தலைவலி வந்தால் இருட்டறையில் படுப்பது போன்றவையும் துப்புகள். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

சுற்றல் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற ஒரே கேள்வி பாதி நோயை அடையாளம் காட்டிவிடும்.

படுக்கையில் புரளும்போது, பரணிலிருந்து எதையாவது எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது சுழன்றடித்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பிபிபிவி. உள்காதில் இருக்க வேண்டிய நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுவதால் வருவது. டாக்டர் உங்களைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். எப்லி என்ற தலைத்திருப்பல் முறையால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். இதற்கு மாத்திரை தீர்வே இல்லை. மைக்ரேன்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்பதால், ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம்.

எழுந்து நின்றதும் கண் இருட்டி, உட்கார்ந்தால் சரியாகிறதா? அது ரத்த அழுத்தக் கணக்கு. படுத்திருக்கும்போதும் நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தத்தை அளந்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தசோகை, நீர்ச்சத்துக் குறைவு, பிபி மாத்திரை எல்லாமே இதில் சேரும்.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, அந்தக் காதின் கேட்கும் திறன் குறைந்து கூடினால் மெனியர் என்ற உள்காது நோயை நினைக்க வேண்டும். நாள்கணக்கில் ஓயாமல் சுற்றி, காது நன்றாகக் கேட்டு, அப்புறம் மெல்ல மெல்ல அடங்கினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஆனால் பக்கவாதமும் இதே வேஷத்தில் வரும் என்பதால் முதல் நாளே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

மைக்ரேன் சுற்றல் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கும். குழப்பமே இந்த இழுபறியான கணக்கால்தான். சர்வதேசத் தலைவலிச் சங்கமும், சமநிலைக் கோளாறுகளை ஆராயும் மருத்துவர்களின் பாரனி சங்கமும் 2012இல் சேர்ந்து வகுத்த அளவுகோல் சுருக்கமாக இது: அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கான சுற்றல் குறைந்தது 5 தடவை வந்திருக்க வேண்டும். மைக்ரேன் இப்போதோ முன்போ இருந்திருக்க வேண்டும். சுற்றல்களில் பாதியிலாவது மைக்ரேன் அடையாளம் ஒன்று கூட வந்திருக்க வேண்டும்: மைக்ரேன் வகைத் தலைவலி, அல்லது வெளிச்சம் சத்தம் இரண்டுமே தாங்க முடியாமை, அல்லது கண்ணில் மின்னும் வளைகோடுகள். வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமாக விளக்கக் கூடாது. சங்கத்துக்குப் பெயர் தந்த ராபர்ட் பாரனி, உள்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்.

மூன்றாம் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். செல்போனில் எழுதுவேன் என்றால் சரி, ஆனால் தாக்குதல் நேரத்தில் திரையைப் பார்ப்பதே கொடுமை. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். மாலை 6.40. கிண்டி பஸ் ஸ்டாப். படகில் நிற்பது போல ஆட்டம், சுழலவில்லை. 2 மணி நேரம். தலைவலி இல்லை. எதிரே வந்த வண்டிகளின் விளக்கு கண்ணைக் குத்தியது, ஹாரன் தாங்கவில்லை. குமட்டல் உண்டு, வாந்தி இல்லை. காது சரி. மதியச் சாப்பாடு 3.30க்கு. முந்தின ராத்திரி 4 மணி நேரத் தூக்கம். பீரியட்ஸ் தேதிக்கு 2 நாள் முன். மாத்திரை: இல்லை."

இந்த மாதிரி ஆறேழு பதிவுகள் டாக்டருக்குப் பல ஸ்கேன்களைவிட உதவும். கவனியுங்கள், "தலைவலி இல்லை" என்று எழுதியவரே விளக்கு குத்தியதையும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மைக்ரேன் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

"மயக்கமா இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அதை அவர் நினைவு தப்பியதாகவும் எடுத்துக்கொள்ளலாம், குமட்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம். அறை சுழன்றதா, நீங்கள் சுழன்றீர்களா, யாரோ ஒரு பக்கம் தள்ளியது போலவா, தரை பஞ்சு மாதிரி இருந்ததா, தலை மட்டும் கிறுகிறுத்ததா என்று உடைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் தாக்குதலின்போது வீட்டில் யாரையாவது உங்கள் கண்களைக் கிட்டத்தில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கருவிழி துடிக்கிறதா, எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது டாக்டருக்குப் பெரிய தகவல். நீங்கள் கிளினிக் போய்ச் சேரும்போது எல்லாம் அடங்கியிருக்கும் என்பது எழுதப்படாத விதி.

யாரிடம் போவது, என்ன பரிசோதனை

காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் தொடங்கலாம், நரம்பியல் மருத்துவரிடமும் தொடங்கலாம். காது இரைச்சல், அடைப்பு இருந்தால் முன்னவர், தலைவலி வரலாறு இருந்தால் பின்னவர் என்பது என் கணக்கு. செலவு யோசனையாக இருந்தால், சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். வெயிலில், வெறும் வயிற்றில் வரிசையில் நின்று அங்கேயே ஒரு தாக்குதலை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்கும் திறன் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மெனியரைப் பிரித்துப் பார்ப்பது அதில்தான். கண்ணசைவைப் பதிவுசெய்வது, காதில் வெந்நீரும் குளிர்நீரும் விட்டுப் பார்ப்பது போன்றவை சந்தேகம் இருந்தால் மட்டும். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. முதல் படியில் சொன்ன அறிகுறிகள், ஒரு காது மட்டும் மந்தமாவது, நரம்புப் பரிசோதனையில் ஏதாவது தட்டுப்படுவது ஆகியவையே காரணங்கள். இதோடு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்ப்பது வழக்கம். 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ் இந்த நோய்க்கு எந்த வெளிச்சமும் தராது.

தாக்குதல் நேரத்தில்

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஜிஎஸ்டி ரோடாக இருந்தாலும் சரி, இன்னும் பத்து நிமிடம்தானே என்று ஓட்ட வேண்டாம். வீட்டில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, மாடிப்படியையும் பாத்ரூமையும் தவிர்த்து, இருட்டான அறையில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். ஃபேன் சுழல்வதைப் பார்த்தால் சுற்றல் கூடும், சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். தண்ணீரை வாய் வாயாக. இஞ்சிக்குக் குமட்டலைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு, பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

மைக்ரேனின்போது வயிறு மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஆகவே டாக்டர் எழுதித் தந்த வாந்தி மருந்தைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். வாயில் கரையும் வகை இருந்தால் நல்லது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை சுற்றலையும் குமட்டலையும் அடக்கும், தூக்கம் வரவழைக்கும். புரோகுளோர்பெரசின் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, தாடையும் கழுத்தும் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது என்று பயமுறுத்திவிடும். வலிப்பு என்று வீடே அலறும். மருத்துவமனையில் ஒரு ஊசியில் சரியாகிவிடும், ஆனால் அந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைவலியும் இருந்தால் பாராசிட்டமாலோ நாப்ராக்சனோ கொடுப்பார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் நாப்ராக்சன் வகை ஆகாது. மைக்ரேன் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் மாத்திரைகள் சுற்றலுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. ரிசாடிரிப்டானை வைத்து நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. இதய நோய் உள்ளவர்கள் டிரிப்டானைத் தொடவே கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுற்றல் மாத்திரைகள் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும். சென்னையில் நான் பார்க்கும் பழைய மருந்துச் சீட்டுகளில் இவை 'காலை 1, இரவு 1' என்று மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், மருந்துக்கடைக்காரரும் அட்டையைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தொடர்ந்து போட்டால் மூளை தன் சமநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலை தடைப்படும். வயதானவர்களுக்கு சின்னரிசின், புரோகுளோர்பெரசின் இரண்டும் கை நடுக்கம், நடை தளர்வு என்று பார்க்கின்சன் போன்ற நிலையையே உண்டாக்கலாம். வலி மாத்திரையும் அப்படியே. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளுக்கும், டிரிப்டான் அல்லது கலவை மாத்திரை 10 நாளுக்கும் மேல் மாதக்கணக்கில் போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பீட்டாஹிஸ்டின் நம் ஊரில் எல்லாச் சுற்றலுக்கும் எழுதப்படுகிறது. மைக்ரேன் சுற்றலைத் தடுக்க அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது.

தூண்டுவது எது?

இணையத்தில் தேடினால் தவிர்க்க வேண்டிய உணவுப் பட்டியல் ஒரு முழம் கிடைக்கும். தயிர், வாழைப்பழம், தக்காளி, வெங்காயம், புளி என்று எல்லாவற்றையும் விட்டால் சாப்பிட என்ன மிச்சம்? மைக்ரேனுக்கு உண்மையான எதிரி பெரும்பாலும் சாப்பிட்டதல்ல, சாப்பிடாததுதான். பட்டியலைப் பார்த்துப் பட்டினி கிடப்பவர்களுக்குச் சுற்றல் கூடத்தான் செய்யும். ஒரு பொருளைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் மூன்று நான்கு தடவை சுற்றல் வந்ததாக நோட்டு காட்டினால் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரம், தூக்க நேரம், தண்ணீர் மூன்றும் தினமும் ஒரே சீராக இருப்பதே பாதி வைத்தியம். சஷ்டி, கிருத்திகை விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். ஒரே ஷிப்டில் வைக்கச் சொல்லி மருத்துவச் சான்றிதழோடு கேட்பதில் தவறே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவதும் தூண்டும்.

ஃபில்டர் காபியை விடச் சொன்னால் பாதிப்பேர் இந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். விட வேண்டாம். ஒன்றிரண்டு டம்ளர், தினமும் அதே நேரத்தில். ஒருநாள் ஐந்து, மறுநாள் பூஜ்யம் என்று போனால்தான் வம்பு.

கத்திரி வெயிலில் மே மாதம் முழுக்க எச்சரிக்கை வேண்டும். பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள் வெளியே போவதைக் குறையுங்கள், போனால் கறுப்புக் கண்ணாடி, தொப்பி அல்லது குடை, மோர். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகி வெளிச்சத்தை இன்னும் வெறுக்கும். விட்டு விட்டு எரியும் டியூப்லைட்டை மாற்றிவிடுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டில் சொல்லிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கை வேண்டாம். மின்சார ரயிலில் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காருங்கள், பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள். பயணத்தில் ரீல்ஸ் பார்ப்பது சுற்றலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

மாதவிடாய் ஒட்டி வருகிறது என்று நோட்டு காட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. கண்ணில் மின்னல் கோடுகளோடு மைக்ரேன் வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மகளிர் மருத்துவரிடம் மைக்ரேன் பற்றி வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

தடுப்பு மருந்து

மாதத்தில் மூன்று நான்கு நாள் படுக்கையில் கிடக்கிறீர்கள், அல்லது எப்போதாவது வந்தாலும் ஆளைச் சாய்த்துவிடுகிறது என்றால் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தைப் பேச வேண்டிய நேரம். வெஸ்டிபுலர் மைக்ரேனுக்கென்றே நடந்த பெரிய சோதனைகள் குறைவு. மைக்ரேனுக்குப் பலன் தருபவற்றையே இதற்கும் கொடுக்கிறார்கள். எதைத் தேர்வது என்பது உங்கள் உடம்பில் வேறென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரத்த அழுத்தமும் படபடப்பும் உள்ளவருக்கு புரோபிரனலால் பொருந்தும், ஆஸ்துமா இருந்தால் கூடாது. தூக்கம் வராதவருக்கு அமிட்ரிப்டிலின், பெரும்பாலும் இரவில் 10 மி.கி. என்ற சிறிய அளவில் தொடங்குவார்கள், வாய் உலரும். ஃப்ளூனரிசின் சுற்றலுக்கு நல்ல பெயர் எடுத்தது. ஆனால் எடை கூடும், மனச்சோர்வு வரலாம், வயதானவர்களுக்கு நடுக்கம் வரலாம். டோபிரமேட் எடையைக் குறைக்கும், விரல் நுனி குறுகுறுக்கும், சிலருக்குப் பேசும்போது வார்த்தை சட்டென்று வராது, சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. பதற்றமும் சேர்ந்திருந்தால் வென்லாஃபாக்சின். கருத்தரிக்கத் திட்டமிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மைக்ரேனைத் தடுக்கத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட்டும், டோபிரமேட்டும் கருவைப் பாதிக்கும்.

மருந்துச் சீட்டு வாங்கிய அன்று இரவு நடப்பது எனக்குத் தெரியும். கூகுளில் பெயரைப் போட்டுப் பார்ப்பீர்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை என்று வரும், டோபிரமேட் வலிப்பு மாத்திரை என்று வரும், புரோபிரனலால் பிபி மாத்திரை என்று வரும். "எனக்கு ஃபிட்ஸ் இல்லையே, டாக்டர் மாத்திக் கொடுத்துட்டாரா?" என்று மூன்றாம் நாள் அட்டை டிராயருக்குள் போய்விடும். இவை வேறு நோய்க்குக் கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரேனைத் தடுப்பதும் தெரியவந்தவை. டாக்டர் மாற்றிக் கொடுக்கவில்லை.

பலன் தெரிய, சரியான அளவுக்கு வந்தபின் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் சுற்றல் வந்தால் மருந்து தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தால் அதுவே வெற்றி. ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் அடுத்ததுக்குப் போகலாம். மக்னீசியம், ரைபோஃப்ளேவின் சத்து மாத்திரைகள் மைக்ரேனுக்கு ஓரளவு உதவுகின்றன, மருந்து வேண்டாம் என்பவர்கள் டாக்டரைக் கேட்டு முயலலாம்.

சமநிலைப் பயிற்சி

தாக்குதல்களுக்கு இடையே தரை ஆடுவது போலவே இருக்கிறது, கூட்டத்தில் நடக்கப் பயம் என்பவர்களுக்கு இது மருந்தளவு முக்கியம். சுற்றலுக்கான பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. தொடக்கப் பயிற்சி ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் பெரிய தேதி எண் கண் மட்டத்துக்கு வரும்படி, ஒரு மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை எண் மேலேயே வைத்துக்கொண்டு, 'இல்லை இல்லை' என்பது போலத் தலையை இடமும் வலமும் சிறிதாகத் திருப்புங்கள். எண் கலங்காமல் தெரிய வேண்டும், கலங்கினால் வேகத்தைக் குறையுங்கள். முதலில் 30 விநாடி. அப்புறம் 'ஆமாம்' என்பது போல மேலும் கீழும் 30 விநாடி. தினம் மூன்று வேளை. வாரங்கள் போகப் போக ஒரு நிமிடம், பிறகு நின்றுகொண்டு, பிறகு கால்களைச் சேர்த்து நின்றுகொண்டு. செய்யும்போது லேசாகக் கிறுகிறுக்க வேண்டும், அதுதான் மூளைக்குக் கொடுக்கும் வேலை. பதினைந்து இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. மாலை வரை இழுத்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். மைக்ரேன்காரர்கள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் ஏற வேண்டும். தாக்குதல் நாளில் பயிற்சியே வேண்டாம், கழுத்து வலி உள்ளவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தாலே, சூப்பர் மார்க்கெட் அடுக்குகளைப் பார்த்தாலே, எஸ்கலேட்டர் பக்கம் போனாலே தள்ளாடுகிறது, அதுவும் மூன்று மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இப்படித்தான் என்றால் தாக்குதல் ஓய்ந்த பிறகும் மூளை எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிட்டது என்று பொருள். பிபிபிடி என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. பாரனி சங்கம் 2017இல் இதற்கும் அளவுகோல் வகுத்தது. பயிற்சி, சில மருந்துகள், பயத்தைக் கையாளும் பேச்சு சிகிச்சை மூன்றும் சேர்ந்தால் குறையும். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் கூடும். ஒரு வார நாள் காலை, கூட்டமில்லாத நேரத்தில், துணைக்கு ஒருவரோடு கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புங்கள். தீபாவளி வாரத்தில் துணிச்சலைச் சோதிக்க வேண்டாம்.

எப்போது நிறுத்துவது

ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டுக்குள் இருந்தால் தடுப்பு மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். புரோபிரனலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துடிப்பும் அழுத்தமும் எகிறும், அமிட்ரிப்டிலினையும் வென்லாஃபாக்சினையும் சட்டென்று விட்டால் வேறு உபத்திரவம் வரும். பரீட்சை, கல்யாணம், வீடு மாற்றுவது, கத்திரி வெயில் போன்ற நேரங்களில் குறைக்கத் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் வெயிலின் தொல்லையாவது இருக்காது. குறைக்கும் மாதங்களில் நோட்டை மறுபடி எடுங்கள். சுற்றல் திரும்பி வந்தால் முன்பு பலன் தந்த மருந்துக்கே போகலாம், பெரும்பாலும் மறுபடியும் கேட்கும். வழக்கமான சுற்றலாக இல்லாமல் புது மாதிரியாக வந்தால், முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.